நிமிடக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

ஓசூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கதைகளை வாசித்து விவாதிப்போம். ஆண்டுக்கொரு முறை உறுப்பினர்கள் எழுதியவற்றுள் தேர்ந்தவற்றைத் தொகுத்து, நகலெடுத்துத் தைத்து, நண்பர்களுக்குக் கொடுப்போம். அந்தத் தொகுப்புக்கு ஒரு விதி வைத்திருந்தோம்: எந்த ஆக்கமும் 1,500 சொற்களுக்கு மேல் போகலாகாது. அது ஏன் 1,500 என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு அதற்கு மேல் வாசிக்க நேரமிராது என்பது பொதுவான எண்ணம். எங்களில் பெரும்பாலோர் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள்தாம் என்பதால் அந்த எண்ணத்தை யாரும் ஐயுறவுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் கதையொன்று அனுப்பினார். வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். வீட்டில் தெலுங்கு பேசுபவர். தமிழைப் பள்ளியில் கற்று, தமிழிலேயே எழுத விரும்பியவர். தந்தையின் இறுதிப் பத்து நாட்களைப் பற்றிய கதை அது. ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்து, சூளகிரிக்கு அப்பாலுள்ள கிராமத்துக்குப் பேருந்தில் போய், தந்தையின் அருகில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, அதிகாலையில் திரும்பி வருகிறான் மகன். 3,600 சொற்கள் இருந்தன. ‘1,500 சொற்களுக்குள் சுருக்கி அனுப்பவும்’ என்று எழுதினோம். அவரும் சுருக்கி அனுப்பினார். அச்சிட்டோம். ‘நல்ல முயற்சி’ என்று இரண்டொருவர் சொன்னார்கள். அத்துடன் அக்கதை மறக்கப்பட்டது.

ஓராண்டு கழித்து, ஒரு கூட்டத்துக்குக் கட்டுரை வாசிக்க வேண்டியவர் வராமற்போகவே, அந்த நண்பரைத் தம் கதையின் முதல் வடிவத்தை வாசிக்கும்படிக் கேட்டுக்கொண்டோம். வாசித்தார். பத்து நாட்களும் பத்துப் பயணங்களாக அதில் இருந்தன. அதே பேருந்து, அதே நடத்துநர், அதே புளியமரம், அதே திண்ணை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மட்டும் சிறிது மாறுகிறது. ஏழாவது பயணத்தில் நடத்துநர் சீட்டுக் கொடுக்கும்போது ஒன்றும் பேசாமல் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் எவரும் அசையவில்லை. நாங்கள் அச்சிட்ட வடிவத்தில் அந்தப் பத்துப் பயணங்களும் ‘பத்து நாட்கள் சென்றன’ என்ற மூன்று சொற்களாகிவிட்டிருந்தன. சொற்சிக்கனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டுதான். கதையைக் கொன்றதற்கும் அதுவே எடுத்துக்காட்டு.

இந்தக் கட்டுரை அந்தத் தவற்றைப் பற்றியது. தவறு எங்களுடையது. ஆனால் நாங்கள் பயன்படுத்திய அளவுகோல் எங்களுடையதன்று. அது எங்கிருந்து வந்தது, தமிழுக்கு அது பொருந்துமா, பொருந்தாதெனில் வேறு எது பொருந்தும் என்று யோசித்ததன் விளைவே கீழே வருவது.

*

முதலில் ‘சொல்’ என்ற அலகைப் பார்ப்போம்.

‘வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று எழுதினால், எண்ணும் கருவி இரண்டு சொற்கள் என்று காட்டும். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமையும் காலமும் எண்ணும் இடமும் பகுதியோடு ஒட்டிக்கொண்டு வருவன. ஆங்கிலத்தில் இவற்றுட் பல தனித்தனிச் சொற்களாக நிற்கும். ஆகவே ஆங்கிலத்தின் 1,500 சொற்களும் தமிழின் 1,500 சொற்களும் ஒரே நீளமுடையவை அல்ல. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்கள் இதை நன்கறிவார்கள். இந்தத் தொழிற்பேட்டைகளில் இயந்திரக் கையேடுகளையும் பாதுகாப்புப் பலகைகளையும் தமிழாக்கித் தருகிறவர்கள், கூலியை மூலத்தின் சொற்கணக்கில் பேசுவார்களேயன்றித் தமிழாக்கத்தின் சொற்கணக்கில் பேசமாட்டார்கள். பேசினால் பக்கத்தின் நீளம் கூடியிருக்கக் கூலி குறைந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் சொல்லின் எல்லையே எழுதுபவரின் பழக்கத்தைப் பொறுத்தது. ‘வந்து கொண்டு இருந்தான்’ என்று ஒருவர் எழுதுவார், மூன்று சொற்கள். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று மற்றொருவர் எழுதுவார், ஒரு சொல். இருவரும் சொன்னது ஒன்றே. சொல்வரம்பு விதிக்கப்பட்ட போட்டிகளுக்குக் கதை அனுப்புகிறவர்கள், கடைசி இரவில் துணைவினைகளையெல்லாம் முன்சொல்லோடு சேர்த்து ஒட்டுவதைக் கண்டிருக்கிறோம். கதையில் ஓர் எழுத்தும் குறையவில்லை. கணக்கில் நூறு சொற்கள் குறைந்துவிட்டன. இப்படி ஏமாற்றக்கூடிய அளவுகோலால் எதைத்தான் அளப்பது?

சரி, எழுத்துகளை எண்ணலாமே என்றால், எந்த எழுத்தை என்ற கேள்வி வருகிறது. மேலே சொன்ன ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதையே எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணப்படி அதில் 18 எழுத்துகள். கணினிக்கு அவை 32. ஏனெனில் ஒருங்குறியில் அகர உயிர்மெய்க்கு மட்டும் ஒரே குறி. ‘டி’ என்பது டகரமும் இகரக் குறியுமாக இரண்டு. ‘ய்’ என்பது யகரமும் புள்ளியுமாக இரண்டு. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள் கொடுத்தவர்கள் தமிழுக்கு 70 இடங்களே கொடுத்தார்கள். அந்த 70 இடங்களையும் குறியும் புள்ளியும் சேர்ந்து விழுங்கும். மேற்கண்ட ஒரு சொல்லே ஏறக்குறையப் பாதிச் செய்தியைத் தின்றுவிடும். ஒரே நலவிசாரிப்புக்குத் தமிழில் எழுதினால் இரண்டு செய்தியின் கட்டணம், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் ஒன்றின் கட்டணம் என்று இருந்த காலத்தில், தமிழரில் எத்தனை பேர் தம் மொழியை ரோமன் எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டார்கள் என்பதை நாமறிவோம். அளவுகோல் என்பது அளப்பதோடு நிற்பதில்லை. அளக்கப்படுவதைத் தன் வடிவத்துக்கு வளைத்தும்விடுகிறது.

*

அடுத்தது வாசிப்பு நேரம். ‘6 நிமிட வாசிப்பு’ என்று கட்டுரைகளின் தலையில் ஒரு முத்திரை இப்போது வழக்கமாகிவிட்டது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது? மொத்தச் சொற்களை ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற எண்ணால் வகுக்கிறார்கள், அவ்வளவே. சிலர் 200 என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்த முத்திரையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்றான மீடியம் தளம் 265 என்று கொண்டது. இவையெல்லாம் ஆங்கில வாசகரை வைத்து வகுத்தவை. 2019இல் மார்க் பிரைஸ்பேர்ட் என்ற உளவியலாளர் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் மௌன வாசிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள், உரத்த வாசிப்பு 183 சொற்கள் என்று சொன்னார்.

2012இல் வெளியான வேறோர் ஆய்வு 17 மொழிகளில் உரக்க வாசிக்கும் வேகத்தை ஒப்பிட்டது. அதில் ஆங்கிலத்தைவிடப் பின்னிஷ் மொழி சொற்கணக்கில் மிகவும் பின்தங்கி நின்றது: ஆங்கிலம் 228, பின்னிஷ் 161. ஆனால் எழுத்துக்கணக்கில் பார்த்தால் பின்னிஷ் வாசகரே முந்தியிருந்தார். பின்னிஷும் தமிழைப்போல் ஒட்டுநிலை மொழி. மெதுவாக வாசித்தார்கள் என்று தோன்றியதெல்லாம் சொல் நீளமாக இருந்ததனால் ஏற்பட்ட மயக்கம். அந்த 17 மொழிகளில் தமிழ் இல்லை. இந்திய மொழி எதுவுமே இல்லை. நம்மை அளக்காமலேயே செய்த அளவுகோலை நாமே எடுத்து நம் கதைகளின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் தொழிற்சாலையில் பல்லாண்டு நேர ஆய்வுப் பிரிவில் இருந்தவர். பழக்கதோஷத்தால் அன்று அந்தக் கதை வாசிக்கப்பட்டபோது நேரத்தைக் குறித்துக்கொண்டார். 38 நிமிடம். அந்த 3,600 சொற்களை 265ஆல் வகுத்தால் முத்திரையில் 14 நிமிடம் என்று வரும். உரத்த வாசிப்புக்கும் மௌன வாசிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துவிட்டாலும் இரண்டு மடங்கு இடைவெளி நிற்கிறது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது. ‘கம்பெனியில்கூட நாங்கள் இப்படி அளக்கமாட்டோம்’ என்றார்.

*

ஓசூரில் வசிப்பவர்களுக்கு நேரத்தை அளப்பது புதிய செய்தியன்று. 1970களில் சிப்காட் வந்தபின் இந்த ஊரின் நாட்கள் ஷிஃப்ட்களாகப் பிரிந்தன. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்குதான் அமைத்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே இருக்கும் படிகம் ஒரு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. காலத்தை இத்தனை நுட்பமாக நறுக்கும் பொருள்களைச் செய்யும் ஊரில், செய்கிறவர்களின் காலமும் நறுக்கப்படுவது இயல்பே. அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் 1911இல் நூலாக எழுதிய முறையின் வழித்தோன்றல்கள் இங்குள்ள ஒவ்வொரு உற்பத்தி வரிசையிலும் உண்டு. ஸ்டாப் வாட்சுடன் ஒருவர் வந்து நிற்பார். வேலை செய்பவர் கை வேகம் தானாக மாறும்.

ஆனால் நேர ஆய்வில், நின்று பார்த்த நேரத்தை அப்படியே விதியாக்குவதில்லை. முதலில் வேலை செய்தவரின் வேகத்துக்கு ஒரு மதிப்பீடு கொடுப்பார்கள். ஒரு வேலையை ஒருவர் 40 விநாடியில் செய்தார், அவர் வேகம் இயல்பில் 90 விழுக்காடு என்று மதிப்பிட்டால், அடிப்படை நேரம் 36 விநாடி. அதன்மேல் அலவன்ஸ் சேர்க்க வேண்டும்: தண்ணீர் குடிக்க, களைப்பு நீங்க, தவிர்க்கவியலாத தாமதங்களுக்கு. 15 விழுக்காடு என்று வைத்தால் 41.4 விநாடி. இதுவே தர நேரம். மனிதன் மனிதன்தான் என்பதைக் கணக்குக்குள் ஒப்புக்கொள்ளும் இடம் அந்த அலவன்ஸ். தொழிற்சங்கங்கள் வாதாடுவதும் அந்த இடத்தில்தான்.

வாசிப்பு நேர முத்திரையில் மதிப்பீடும் இல்லை, அலவன்ஸும் இல்லை. யார் வாசிக்கிறார்? ஓசூர் வட்டாரத்தில் தமிழை வாசிப்பவர்களில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் உண்டு. கன்னடம் பேசுவோர் உண்டு. உருது பேசுவோர் உண்டு. சூசூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு நாள்தோறும் போய்வருவோர் கம்பெனி பஸ்ஸின் குலுக்கலில் வாசிக்கிறார்கள். உதடசைத்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மெதுவாக வாசிப்பதால் குறைவாக வாசிக்கிறார்கள் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. ஒரு பத்தியை முடித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் வாசிப்பு நேரமா, இல்லையா? இலக்கியத்தைப் பொறுத்தவரை அதுதான் வாசிப்பு நேரம் என்பது எங்கள் கட்சி. அந்த அலவன்ஸை வெட்டிவிட்டால் மிஞ்சுவது கண் நகர்ந்த நேரம் மட்டுமே.

*

இவ்வளவும் சொன்னபின், அளவே வேண்டாம் என்று சொல்லப் போகிறோமோ என்று தோன்றலாம். அப்படிச் சொல்வதற்குத் தமிழில் பிறந்தவர்களுக்கு உரிமையில்லை. உலகில் நீளத்தை இத்தனை அக்கறையுடன் அளந்த இலக்கிய மரபுகள் அதிகமில்லை.

நம் இலக்கணம் தொடங்குமிடத்திலேயே எழுத்துக்குக் கால அளவு சொல்லப்படுகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, ஆய்தத்துக்கு அரை, குற்றியலுகரத்துக்கும் அரை. எழுத்தின் நீளமும் அதைச் சொல்ல ஆகும் நேரமும் தொல்காப்பியருக்கு வெவ்வேறு செய்திகளல்ல. நாம் முன்பு எடுத்துக்கொண்ட ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதை இப்படிக் கணக்கிட்டால் பதினைந்தரை மாத்திரை வருகிறது. மாத்திரை எவ்வளவு என்றால், இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் என்கிறார். யாருடைய கண், யாருடைய விரல்? அளவுகோல் மனித உடலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மெதுவாக வாசிப்பவருடைய மாத்திரை மெதுவாகவே இருக்கும். ஆனால் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதம் மாறாது. எல்லைக்கு அப்பால் கன்னடத்திலும் ரகளை முதலிய யாப்புகள் மாத்திரைக் கணக்கில் நடப்பவைதாம். இசை குறையுமிடத்தில் எழுத்தை நீட்டிக்கொள்ள அளபெடை என்ற ஏற்பாடும் நம்மிடம் உண்டு. அதை இலக்கணத்துக்குள்ளேயே இருந்த அலவன்ஸ் என்று எங்கள் நேர ஆய்வு நண்பர் சொன்னார். புலவர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

செய்யுளில் எழுத்தெண்ணும் முறையும் இருந்தது. நான்கு முதல் ஆறு எழுத்துவரை குறளடி, ஏழு முதல் ஒன்பதுவரை சிந்தடி, பத்து முதல் பதினான்குவரை அளவடி என்று அடிகளை வகுத்தார்கள். எண்ணும்போது மெய்யெழுத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. இங்கும் மெய் நீக்கியே எண்ண வேண்டும். அபிராமி அந்தாதி முழுவதும் இந்தக் கட்டுக்குள் நடக்கிறது. அதைப் பாடுகிறவர் எவருக்கும் மூச்சு முட்டுவதில்லை. கணினி புள்ளிக்கும் ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது. நம்மவர் புள்ளி வைத்த எழுத்தையே எண்ணிக்கையிலிருந்து விட்டுவிட்டார்கள். காரணம் தெளிவானது. தனியே ஒலித்து நேரம் பிடிப்பது உயிர்தான். மெய் அதன்மேல் ஏறிச் செல்வது. அவர்கள் காதால் எண்ணினார்கள்.

உரைநடைக்கும் ஓர் அலகு இருந்தது. 32 எழுத்து கொண்டது ஒரு கிரந்தம். தமிழ் வைணவர்கள் அதைப் படி என்றார்கள். இங்கும் மெய் எண்ணப்படுவதில்லை. திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களுக்கு ஐந்து பழைய உரைகள் உண்டு. அவற்றின் பெயர்களே நீளங்கள்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. முதலாவது திருக்குருகைப் பிரான் பிள்ளான் செய்தது. இறுதியில் சொன்னது நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது, ஈடு என்று போற்றப்படுவது. முப்பத்தாறாயிரம் படி என்றால் 11,52,000 எழுத்து. ‘இத்தனை நிமிட வாசிப்பு’ என்று போடுவதைப்போலத்தான் இந்தப் பெயரும் நீளத்தைச் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்டு எவரும் அஞ்சி ஓடவில்லை. பெரியதே பெருமையாக நின்றது. ஏடெழுதுவோர்க்குக் கூலி கணக்கிடவும், படியெடுக்கையில் விடுபடாமல் பார்க்கவும் இந்தக் கணக்குப் பயன்பட்டது. நூல் முடிந்தபின் அளந்தார்கள். ‘ஆறாயிரத்துக்குள் முடித்துத் தருக’ என்று ஈட்டாசிரியரிடம் எவரும் கேட்டிருந்தால் நமக்கு ஈடு கிடைத்திராது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் நீளம் பார்த்தவர்களே. அகப்பாடல்களில் 4 முதல் 8 அடிவரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. ஒன்றிரண்டு விலகல்கள் உண்டு. அடியளவு பார்த்து அடுக்கினார்கள். குறுந்தொகையில் இடம்பெற வேண்டி அகநானூற்றுப் பாடலை எட்டடியாக நறுக்கவில்லை. நீளமானதற்கு வேறொரு வீடு கட்டி, அதற்கு நெடுந்தொகை என்று பெயரும் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்திலேயே இன்னும் கடுமையான அளவு ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் சிலவற்றைக் காணலாம். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நட்ட கல்லில், அரசனின் ஆட்சியாண்டு, ஊர், பூசல், இறந்தவன் பெயர் ஆகியவற்றைச் சில வரிகளில் பொறித்திருப்பார்கள். உளியால் வெட்டும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் உழைப்பு உண்டு. புள்ளியைப் பெரும்பாலும் இடுவதேயில்லை. அந்தச் சுருக்கத்தில் எதுவும் குறையவில்லை. ஏனெனில் கல்லின் அளவு, சொல்ல வேண்டிய செய்தியின் அளவு, நின்று பார்ப்பவன் நிற்கும் நேரம் மூன்றும் ஒத்திருந்தன.

*

சுருக்கத்தை நாங்கள் எதிர்க்கவில்லை என்பதை இதனால் உணரலாம். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஒரு லட்சம் சுலோகம் என்று மரபு சொல்லும் பாரதத்தைக் கல்கி இதழின் வாசகர்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட சிறு அத்தியாயங்களாக்கி வியாசர் விருந்து படைத்தார். வார இதழை எடுத்தவர் ஒரே அமர்வில் ஓர் அத்தியாயத்தை முடித்துவிடலாம். வாசகரின் நேரத்தை அவர் மதித்தார். அதே சமயம் இது முழுப் பாரதமன்று, அதற்கான வாயில் என்பதை மறைக்கவுமில்லை. மறுபுறம், ஜெயமோகன் அதே பாரதத்தை 2014 முதல் 2020 வரை வெண்முரசு என்று 26 நாவல்களாக எழுதினார். நாள்தோறும் ஓர் அத்தியாயமாக அதைப் பின்தொடர்ந்தவர்கள் எங்கள் நண்பர்களிலேயே உண்டு. ஷிஃப்ட் மாறும்போது வாசிக்கும் வேளையை மாற்றிக்கொண்டார்களே தவிர வாசிப்பதை விடவில்லை. தொழிலாளிக்கு நீண்டதை வாசிக்க நேரமில்லை என்று நாங்கள் நினைத்தது எவ்வளவு மேம்போக்கானது! புதுமைப்பித்தனின் பொன்னகரம் சில பக்கங்களில் முடிகிறது. துன்பக்கேணி மிக நீண்டது. இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை. இரண்டுக்கும் ஒரே வரம்பு வைக்கும் பதிப்பாளர் ஒன்றை இழப்பார், அல்லது மற்றொன்றை நீட்டச் சொல்லிக் கெடுப்பார்.

நாளிதழுக்குப் பத்தி உண்டு, வார இதழுக்குப் பக்கம் உண்டு, போட்டிக்கு நடுவரின் பொறுமை உண்டு. இவற்றுக்கு வரம்பு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. வாசகரிடம் ‘இது நீளமானது, நேரம் ஒதுக்கி வருக’ என்று முன்கூட்டிச் சொல்வதும் மரியாதையே. எங்கள் ஆட்சேபம் இரண்டு. ஒன்று, தமிழின் நீளத்தைச் சொல்லாதவோர் அலகால் அதை அளப்பது. மற்றொன்று, வாசிப்பதற்கு முன்பே அளப்பது. எங்கள் நண்பரின் கதையில் நாங்கள் முதலில் பார்த்தது கடைசிப் பக்கத்திலிருந்த சொல்லெண்ணிக்கையை. அதன்பின் வாசித்தபோது, எங்கே வெட்டலாம் என்றுதான் கண் தேடியது. அப்படி வாசிப்பவனுக்கு ஏழாவது பயணத்து நடத்துநர் கண்ணில் படமாட்டார்.

இதைத் தொடர்ந்து எங்கள் தொகுப்புக்குச் சில மாற்றங்களைச் செய்துகொண்டோம். சொல்வரம்பை நீக்கிவிட்டோம். மொத்தப் பக்கங்களுக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு, தாளுக்கும் நகலுக்கும் ஆகும் செலவு கருதி. வருகிற ஆக்கத்தை இருவர் முழுதாக வாசிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். நா தடுக்கும் இடமும் கேட்பவர் நெளியும் இடமும் எவையென்று அப்போது தெரிந்துவிடும். அந்த இடங்களைக் குறித்தே சுருக்கச் சொல்கிறோம். எண்ணைச் சொல்லிச் சுருக்கச் சொல்வதில்லை. நீளத்தைக் குறிக்க வேண்டிவந்தால் எழுத்துக்கணக்கில், மெய் நீக்கி, படியாகக் குறிப்பது என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது. இதற்கென ஒரு சிறு நிரலை எழுதித் தருவதாக இளைய நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இது பழம்பெருமை பேசும் விளையாட்டு என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் ஒட்டி எழுதினாலும் பிரித்து எழுதினாலும் இந்தக் கணக்கு பெரிதும் மாறாது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். அந்த அளவிலாவது இது சொற்கணக்கைவிட நேர்மையானது.

இந்த முறையில் எங்களுக்கு இழப்பும் இல்லாமலில்லை. சென்ற தொகுப்பில் பக்கங்கள் போதாமல் மூன்று கதைகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தோம். தள்ளப்பட்டவர்கள் வருந்தினார்கள். நறுக்கப்படுவதைவிடக் காத்திருப்பது மேல் என்று அவர்களிடம் சொன்னோம். அவர்கள் அதை முழுதாக ஏற்றார்களா என்று தெரியாது.

தந்தையின் கதையை அதன் முழு வடிவில் மீண்டும் அச்சிட்டோம். நண்பரிடம், சுருக்கியபோது ஏன் மறுப்புச் சொல்லவில்லை என்று கேட்டோம். ‘நீங்கள் தமிழ் படித்தவர்கள், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்’ என்றார். வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்து, தமிழின்மேல் விருப்பம்கொண்டு எழுதுகிற ஒருவர் எங்கள் கையில் கொடுத்த நம்பிக்கை அது. அதற்கு ஈடாக நாங்கள் கொடுத்தது வேறெங்கிருந்தோ இரவல் வாங்கிய ஓர் எண். அதை எண்ணும்போது இன்றும் கூச்சமாக இருக்கிறது.